ஒரு சொட்டு ஆசிட்

பேட்டரி கடையில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். கடைக்காரர் கார் பேட்டரியின் மூடியைத் திருகித் திறப்பார். தலையில் ரப்பர் பந்து வைத்த ஒரு கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, கொஞ்சம் ஆசிட்டை உறிஞ்சுவார். குழாய்க்குள் ஒரு சின்ன மிதவை மேலும் கீழும் ஆடி ஓரிடத்தில் நிற்கும். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, 'ஆயிரத்து நூத்தி அம்பதுதான் சார் காட்டுது. சார்ஜ் சுத்தமா இல்லை' என்பார்.

அவர் அளந்தது என்ன? தண்ணீரில் எவ்வளவு கந்தக அமிலம் கலந்திருக்கிறது என்பதைத்தான். ஆசிட் கூடுதலாக இருந்தால் திரவம் கனமாகும், மிதவை மேலே ஏறும். அவ்வளவுதான் சூட்சுமம்.

சரி, ஒரு கேள்வி. அந்த ஆசிட் நாலு கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? அதுவும் பேட்டரியில் நிரம்பியிருக்காமல், கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடித் துளிகளாக, ஒரு கிரகத்தையே போர்த்தியிருக்கும் மேகமாக இருந்தால்? எந்தக் குழாயை எங்கே விடுவது?

இதைத்தான் விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள். அந்த மேகத்தில் 75 சதவீதம் கந்தக அமிலம், மீதி தண்ணீர் என்று, வெள்ளி கிரகத்தின் மேகத்திலிருந்து ஒரு சொட்டுகூட கைக்கு வராமலேயே சொன்னார்கள். எப்படி? அதுதான் இந்த வாரக் கதை. கதைக்கு ஒரு கதாநாயகன் உண்டு. அவர் விடையைத் தப்பாகச் சொன்னவர்!

*

பெயர் ஸ்வாந்தே அரீனியஸ். ஸ்வீடன்காரர். 1884-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்போ அமிலமோ தண்ணீரில் கரையும்போது துண்டு துண்டாக உடைகிறது, ஒவ்வொரு துண்டும் மின்சாரத்தைச் சுமக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பின் சாரம். பேராசிரியர்களுக்கு இது ஜீரணமாகவில்லை. கடைசி பெஞ்ச் மாணவனுக்குப் போடுகிற மாதிரி ஒரு மார்க் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதே கண்டுபிடிப்புக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பேராசிரியர்களின் முகத்தை நீங்களே கற்பனை செய்து கொள்ளுங்கள்.

மனிதர் அத்தோடு நிற்கவில்லை. சூடு ஏற ஏற ரசாயன மாற்றங்கள் எவ்வளவு வேகமாகும் என்பதற்கு 1889-ல் ஒரு சூத்திரம் சொன்னார். இன்றைக்கும் கல்லூரி மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-ல் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆக, அமிலம், வெப்பம், கரியமில வாயு என்று மூன்று விஷயங்களில் உலகத்துக்கே வாத்தியார்.

இப்பேர்ப்பட்டவர் வெள்ளியைப் பற்றி எழுதினார். விடியலில் கிழக்கிலோ, அந்தி சாயும்போது மேற்கிலோ பளீரென்று நிற்குமே, நம் விடிவெள்ளி, அதேதான். தொலைநோக்கியில் பார்த்தால் மேகம் மட்டுமே தெரியும். வெள்ளை வெளேரென்று, ஓட்டை இடைவெளி எதுவும் இல்லாத மேகம். வெள்ளை மேகம் என்றால் தண்ணீர். இவ்வளவு மேகம் என்றால் ஏகப்பட்ட தண்ணீர். 1918-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவர் புத்தகத்தில் வெள்ளி கிரகம் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. சராசரி வெப்பம் 47 டிகிரி. எங்கு பார்த்தாலும் சதுப்பு நிலம், மண்டிக் கிடக்கும் செடிகொடிகள்.

படித்தவர்கள் சொக்கிப் போனார்கள். கதாசிரியர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு வெள்ளியில் மழை பெய்துகொண்டே இருந்தது.

நிஜத்தில் அங்கே என்ன இருந்தது தெரியுமா? காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. தரையில் ஈயம் உருகி ஓடும் அளவுக்கு, சுமார் 465 டிகிரி வெப்பம். மேலே அமில மேகம். அரீனியஸ் எந்த மூன்று விஷயங்களில் மன்னரோ, அதே மூன்றும்! வீட்டு வாசலிலேயே புதையலை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதைதான்.

*

உண்மை ஒரே நாளில் வெளிவரவில்லை.

1920களில் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் வெள்ளியிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒளியைப் பட்டகத்தின் வழியே அனுப்பினால் வானவில் மாதிரி விரியும் அல்லவா? அதற்கு நிறமாலை என்று பெயர். வழியில் ஏதாவது பொருள் இருந்தால் அது தனக்குப் பிடித்த நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். எந்தக் கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பொருள் விழுங்கியது என்று தெரிந்துவிடும். திருடன் விட்டுப்போன கைரேகை மாதிரி.

வெள்ளியின் நிறமாலையில் தண்ணீரின் ரேகை இல்லை! 1932-ல் ஆடம்ஸ், டன்ஹாம் என்ற இருவர் கரியமில வாயுவின் ரேகையைக் கண்டுபிடித்தார்கள். 1956-ல் வெள்ளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அளந்தபோது, கொதிநிலையெல்லாம் தாண்டிய வெப்பம் தெரிந்தது. 1970-ல் சோவியத் யூனியனின் வெனேரா-7 கலம் நேராகத் தரையிலேயே இறங்கி, அந்தச் சூட்டை உறுதி செய்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டது.

சதுப்பு நிலம் ஆவியாகிப் போயிற்று. ஆனால் மேகம்? அது அப்படியே இருந்தது. தண்ணீர் இல்லையென்றால் வேறு என்ன?

ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். பெட்ரோலியப் புகை என்றார் ஃப்ரெட் ஹாயில். விப்பிளும் மென்செலும் 1955-ல், இல்லையில்லை, தண்ணீர் மேகம்தான், கீழே கரியமில வாயு கரைந்த சோடாத் தண்ணீர்க் கடல் இருக்கிறது என்றார்கள். ஃபார்மால்டிஹைடு, பாதரசக் கூட்டுப்பொருள்கள் என்று பட்டியல் நீண்டது. 1967-ல் ஜேம்ஸ் ஹேன்சன் என்ற இளைஞர், எல்லாம் தூசு, அந்தத் தூசுதான் கம்பளி மாதிரி போர்த்திக்கொண்டு சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

*

ஹேன்சனிடம் ஒரு நல்ல குணம். தன் தூசுக் கதையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. வெள்ளி மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்ற பழைய அளவீடுகளைக் கையில் எடுத்தார். பிரெஞ்சுக்காரர் பெர்னார் லியோ 1920களிலேயே தொடங்கி வைத்த வேலை அது.

தண்ணீர் டம்ளரில் பென்சிலைப் போட்டால் வளைந்து தெரிகிறது. ஒளி தண்ணீரில் புகும்போது வளைவதால் வரும் வினை. எவ்வளவு வளைகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 1.33. பனிக்கட்டிக்கு 1.31. ஹேன்சனும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹோவெனியரும் 1974-ல் போட்ட துல்லியமான கணக்கில் வெள்ளி மேகத்துக்கு வந்த எண் 1.44. துளியின் ஆரம் சுமார் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வடிவம் அச்சுப் பிசகாத உருண்டை.

உருண்டை என்றால் என்ன அர்த்தம்? திரவம். பனிக்கட்டி என்றால் மூலையும் முனையுமாக இருக்கும். தூசு என்றால் கோணல்மாணலாக இருக்கும். ஆனால் அந்த மேகத்தின் உச்சியிலோ மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரிக் குளிர். அந்தக் குளிரிலும் உறையாமல் திரவமாகவே இருக்க வேண்டும். ஒளியை 1.44 அளவுக்கு வளைக்க வேண்டும். பக்கத்தில் ஈரமே இல்லாமல் உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

ஈரத்தை உறிஞ்சும் ஆசாமி யார்? பள்ளி லேபில் சர்க்கரை மேல் அடர் கந்தக அமிலத்தை ஊற்றிக் காட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? சர்க்கரைக்குள் இருக்கும் தண்ணீரைக்கூட உருவிக்கொண்டு, கரியாக்கிப் பொங்க வைத்துவிடும். அதே பேர்வழிதான்.

1970களின் தொடக்கத்தில் காட்ஃப்ரே சில் ஒரு பக்கம், ஆண்ட்ரூ யங், லூயிஸ் யங் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக அந்த விடைக்கு வந்து சேர்ந்தார்கள். வெள்ளி மேகம் கந்தக அமிலம். செறிவு சுமார் 75 சதவீதம். உங்கள் கார் பேட்டரியில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

*

சொல்லிவிட்டால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? கைரேகை வேண்டும். இங்கேதான் சிக்கல்.

கந்தக அமிலத்துக்கு ஒரே ஒரு கைரேகை கிடையாது. தண்ணீர் எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து ரேகை மாறும். எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்தும் மாறும். ஏன்? நம் அரீனியஸ் சொன்ன காரணம்தான். தண்ணீர் சேர்ந்தால் அமிலம் உடைகிறது. கந்தக அமிலத்திடம் கழற்றிக் கொடுப்பதற்கு இரண்டு ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றிய துண்டு ஒரு மாதிரி ஒளியை விழுங்கும். இரண்டையும் கழற்றிய துண்டு வேறு மாதிரி விழுங்கும். நிறையத் தண்ணீர் ஊற்றினால் இரண்டாவது வகை பெருகும். குளிர வைத்தாலும் பெருகும். ஆகவே ரேகையைப் படிக்கத் தெரிந்தவருக்கு, இது ஆசிட் என்பது மட்டுமல்ல, எத்தனை சதவீத ஆசிட் என்பதும் தெரிந்துவிடும்.

இப்படி ஒளியை வைத்து உடைந்த துண்டுகளை நேராகப் பார்க்கும் வித்தையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. அரீனியஸ் 1927 அக்டோபரில் இறந்தார். அடுத்த ஐந்து மாதத்துக்குள், 1928 பிப்ரவரி 28-ல், திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் கல்கத்தாவில் தன் பெயர் தாங்கிய விளைவைக் கண்டுபிடித்தார். ஒரே நிற ஒளியை ஒரு திரவத்துக்குள் செலுத்தினால் சிதறி வரும் ஒளியில் புதுக் கோடுகள் முளைக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒவ்வொரு கோடு. ஐ.ராமகிருஷ்ண ராவ் நைட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் சேர்க்கச் சேர்க்க முழு மூலக்கூறின் கோடு மங்குவதையும், உடைந்த துண்டின் கோடு பிரகாசமாவதையும் அளந்தார். 1930-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தது. உப்சாலா பேராசிரியர்கள் நம்ப மறுத்த விஷயத்தைப் புகைப்படத் தகட்டிலேயே பார்க்க முடிந்தது. பார்க்கத்தான் அரீனியஸ் இல்லை.

வெள்ளிக்கு வருவோம். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென்ட் பால்மர், டட்லி வில்லியம்ஸ் என்ற இருவர் கந்தக அமிலத்தோடு உட்கார்ந்தார்கள். 25 சதவீதம், 38, 50, 75, 84.5, 95.6. ஒவ்வொரு கரைசலாக எடுத்து, அதன் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பட்டியல் போட்டார்கள். 1975-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பில், வெள்ளி மேகங்கள் என்ற சொற்களுக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி உண்டு. பணிவு! ராக்கெட் இல்லை, கவுன்ட் டவுன் இல்லை. ஆசிட்டும் ஓர் ஒளிக்கருவியும் வரிசை வரிசையாக எண்களும்தான். ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்கள் இல்லாவிட்டால் தொலைநோக்கி கொண்டுவந்த ரேகையை எதோடு ஒப்பிடுவது?

அதே சமயத்தில் ஜேம்ஸ் பொலாக் குழுவினர் ஒரு நாசா விமானத்தில் கருவியை ஏற்றிக்கொண்டு உயரே பறந்தார்கள். நம் காற்றின் ஈரம் குறுக்கே வந்து குழப்பக் கூடாதல்லவா, அதற்காக. அங்கிருந்து வெள்ளியின் அகச்சிவப்பு நிறமாலையைப் பிடித்தார்கள். ஒப்பிட்டார்கள். தண்ணீர் பொருந்தவில்லை. பனிக்கட்டி பொருந்தவில்லை. கந்தக அமிலம், சுமார் 75 சதவீதம், பொருந்தியது.

வளைவு எண்ணும் பொருந்தியது. அறை வெப்பத்தில் 75 சதவீத அமிலத்தின் எண் 1.44-ஐவிடக் கொஞ்சம் குறைவு. மேக உச்சியின் குளிருக்குக் கொண்டுபோனால் திரவம் இறுகி, எண் ஏறி, சரியாக அங்கே போய் நிற்கிறது. செறிவு மட்டும் தெரிந்தால் போதாது, வெப்பநிலையும் தெரிய வேண்டும் என்பது இதனால்தான்.

*

இதெல்லாம் ஏதோ தூரத்துக் கிரகத்து சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா?

1978-ல் நாசாவின் பயனியர் வீனஸ் திட்டத்தில் இரண்டு கலங்கள் வெள்ளிக்குக் கிளம்பின. அதில் ஒரு கருவிக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஹேன்சன். அதே ஆண்டு அவர் அந்தப் பொறுப்பைத் துறந்தார். கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கும் ஒரு கிரகத்தைப் பற்றி ஆராய வேண்டும் என்று தோன்றிவிட்டது. எந்தக் கிரகம்? பூமி! 1988-ல் அமெரிக்க செனட் குழு முன்னால் நின்று, பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்ன ஹேன்சன் இவர்தான்.

1991 ஜூன் 15-ல் பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 2 கோடி டன் கந்தக டை ஆக்ஸைடு வானத்தின் மேலடுக்குக்குப் போனது. அங்கே என்னவாக மாறியது தெரியுமா? கந்தக அமிலத் துளிகள். செறிவு கிட்டத்தட்ட 75 சதவீதம்! நம் தலைக்கு மேலேயே ஒரு மெல்லிய வெள்ளி மேகம். அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும், பூமி சுமார் அரை டிகிரி குளிரும் என்று 1992 ஜனவரியில் ஹேன்சன் குழு முன்கூட்டியே சொன்னது. ஏறக்குறைய அப்படியே நடந்தது.

செயற்கைக்கோள்கள் அந்த அமிலப் படலத்தைப் படிக்க முயன்றபோது, அறை வெப்பத்தில் எடுத்த பழைய பட்டியல் போதவில்லை. 1990களின் கடைசியில் மைனஸ் 70 டிகிரி வரை அமிலத்தைக் குளிர்வித்து, செறிவை மாற்றி மாற்றி, மறுபடியும் நிறமாலை எடுத்தார்கள். அந்தப் பட்டியல்களுக்கு இப்போது இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. பூமியின் சூட்டைத் தணிக்க, எரிமலை செய்ததை நாமே செய்தால் என்ன, கந்தகத்தை வானில் தூவினால் என்ன என்ற யோசனையை, நோபல் பரிசு பெற்ற பால் க்ரூட்சன் 2006-ல் எழுதிய ஒரு கட்டுரை பெரிய விவாதமாக்கியது. ஆபத்தான யோசனைதான் என்று அவருக்கும் தெரியும். மழை தப்பிப் போனால்? பாதியில் நிறுத்தினால் அடக்கி வைத்த சூடு மொத்தமாகத் திரும்பி வந்தால்? விவாதம் ஓயவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்று பேசுவதானாலும், அந்தத் துளிகள் ஒளியை என்ன செய்யும் என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது.

*

ஹேன்சன் விட்டுவிட்டு வந்த திட்டம் என்னவாயிற்று என்று சொல்லவில்லையே!

1978 டிசம்பர் 9. இரண்டாவது கலம் கொண்டுபோன ஆய்வுக் கலங்கள் வெள்ளியின் மேகத்துக்குள் விழுந்தன. அவற்றில் பெரியதில் வாயுக்களை எடை போட்டுப் பிரிக்கும் கருவி ஒன்று இருந்தது. காற்றை உள்ளே இழுக்க ஊசி முனை மாதிரித் துவாரம். தரைக்கு மேலே சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில் அந்தத் துவாரம் அடைத்துக்கொண்டது. எதனால்? மேகத்தின் கந்தக அமிலத்தால்! 28 கிலோமீட்டர் வரை இறங்கி, சூட்டில் அது ஆவியாகும் வரை கருவிக்கு மூச்சு விட முடியவில்லை.

போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தாமஸ் டொனஹ்யூவும் சக விஞ்ஞானிகளும் வேறு மாதிரி யோசித்தார்கள். அடைத்தது அமிலம். அதில் கால் பங்கு தண்ணீர் ஆயிற்றே? அந்தத் தண்ணீரைத்தானே கருவி இவ்வளவு நேரம் எடை போட்டிருக்கிறது?

கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரில் கன ஹைட்ரஜன் பூமியில் இருப்பதைப்போல சுமார் நூறு மடங்கு இருந்தது. முறத்தில் நெல்லைப் புடைத்தால் பதர் பறந்துவிடும், கனமான மணி தங்கிவிடும். அது மாதிரி, தண்ணீர் வெயிலில் உடைந்து, லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குப் பறந்துபோக, கனமானது மட்டும் மிச்சமாகியிருக்கிறது. இவ்வளவு மிச்சம் இருக்கிறதென்றால், ஆதியில் புடைக்கப் போட்ட நெல் நிறையவே இருந்திருக்க வேண்டும். 1982-ல் அவர்கள் அறிவித்தார்கள்: வெள்ளியில் ஒரு காலத்தில் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு தண்ணீர் இருந்தது!

அது கடலாகத் தேங்கிக் கிடந்ததா, நீராவியாகவே இருந்து மறைந்ததா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் தண்ணீர் இருந்தது. அரீனியஸ் நனைந்த கிரகம் என்று சொன்னது முழுப் பொய் இல்லை. சில நூறு கோடி ஆண்டுகள் தாமதமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த தடவை பேட்டரி கடைக்காரர் கண்ணைச் சுருக்கி மிதவையைப் பார்க்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். கிரகங்களைப் படிப்பவர்கள் செய்வதும் அந்த வேலையைத்தான். அப்படியே சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்த்தால், விடிவெள்ளி அந்தி வெள்ளியாக நின்றாலும் நிற்கும். வெள்ளை வெளேரென்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.